ஒன்பதாவது மாடி வரை

அங்கே என்ன வேலை என்று
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால்
கடல் இறைக்கிறேன் என்பேன்.
சிரிப்பார்கள்.
பொய்யில்லை.

தொண்ணூற்று நாலு மாடிக் கோபுரத்துக்கு
முதலில் வெட்டியது ஒரு பள்ளம்.
கமலாலயத்தில் கால்வாசி இருக்கும்.
நாலு சுவரிலும் கடல் கசிந்தது.
பன்னிரண்டு பம்பு. ராத்திரி என் பொறுப்பு.

வேலித் தகரத்தில் ஒட்டிய படத்தில்
வெள்ளை உடுத்திய ஒரு குடும்பம்
பால்கனியில் நின்று அலை பார்த்தது.
'கடலோடு வாழுங்கள்' என்று போட்டிருப்பதாக
நாச்சிகுளம் ஜபருல்லா படித்துச் சொன்னான்.
அந்தக் கடலைத்தான் நான்
எட்டு அங்குலக் குழாய் வைத்து
விடிய விடிய விரட்டிக்கொண்டிருந்தேன்.

என்ஜினியர் ஹிஷாம், எகிப்துக்காரர்,
ஒருநாள் டீ குடித்த கப்பை
வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டார்.
ஒவ்வொரு ஜல்லியாக உள்ளே போட்டார்.
ஒன்பதாவது ஜல்லிக்குக் கப் தரை தட்டியது.
ஒன்பது மாடி கனம் ஏறும்வரை
இந்த அஸ்திவாரம் ஒரு படகு, என்றார்.
பம்பு நின்றால் கிளம்பிவிடும்.
ஒன்பது ஏறிவிட்டால்?
பம்பு வேண்டாம்.

பம்பு வேண்டாம் என்றால்
நான் வேண்டாம்.
அதை அவர் சொல்லவில்லை,
கப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி தினமும் போனில் கேட்பாள்:
இன்னைக்கு எத்தனாவது மாடி?
மூணு என்றபோது குரலில் ஒரு துள்ளல்,
சீக்கிரம் வந்துடுவீங்க.
அஞ்சு என்றபோது
சொசைட்டி நகைக்கடன் தவணையைச் சொன்னாள்.
ஏழு என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
அப்புறம்,
கொஞ்சம் மெதுவாக் கட்டக்கூடாதா அவங்க.

எட்டு முடிந்த அன்றும் ஏழு என்றேன்.
ஏழிலேயே பதினெட்டு நாள்
நிறுத்தி வைத்தேன் அந்தக் கோபுரத்தை.
ஆறு கிரேன், நாலாயிரம் ஆள்,
ராத்திரி பகலாய்க் கான்கிரீட் லாரி,
யாராலும் அதை எட்டுக்கு ஏற்ற முடியவில்லை.

பம்பை அணைத்த ராத்திரி
காது அடைத்துக்கொண்டது.
இரண்டு வருஷச் சத்தம்.
கட்டிலில் கிடந்தபடி
தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்புவதைக் கேட்டேன்,
அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.
இப்போது தொண்ணூற்று நாலும் நிற்கிறது.
ஜபருல்லா போட்டோ அனுப்பினான்.
உச்சியில் மேகம் இருந்தது.
கீழே இருப்பது படத்தில் விழாது.

இது ஐப்பசி.
முள்ளியாற்றங்கரையில் ஓஷன் வியூ கார்டன்.
ஓஷன் இருபது கிலோமீட்டர்.
போன தையில் சம்பா அறுத்த மண்,
இப்போது வளைவு, கொடி, மஞ்சள் கல்.
நாற்பத்தொன்றாம் நம்பர் மனை என்னுடையது.
நாலரை அடிக் குழி எடுத்திருக்கிறோம்.
வாய்க்காலைத் தூர்த்துத்தான் ரோடு போட்டார்கள்.
வாய்க்காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை,
அது வழக்கம்போல் வந்து
என் குழியில் நிற்கிறது.

மச்சான் வைரக்கண்ணு
வாடகைக்கு டீசல் என்ஜின் கொண்டுவந்தார்.
மேஸ்திரி, பக்கத்து மனைக்காரர்கள்,
குடைக்கடியில் செருப்பைக் கையில் பிடித்த புரமோட்டர்,
எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.
ஃபாரின் அனுபவம் ஆச்சே.
எவ்வளவு நேரம் ஓட்டணும்?
ஒன்பதாவது மாடி வரை, என்றேன்.
யாருக்கும் புரியவில்லை.
தையல்நாயகி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பதினெட்டு நாளும்
அவளுக்குத் தெரிந்திருக்குமோ.
ஜபருல்லா வீட்டில் இவளோடு பேசுவார்கள்.
கேட்டதில்லை.

குழியில் இறங்கி
ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்,
பழக்கம்.
லேசாகக் கரித்தது.
மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார்.
ஹேண்டிலைக் கொடுங்க, என்றேன்.
என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு
பிடித்துக்கொண்டது.