மூன்று மூட்டை நேரம்

முத்தொரை பாலாடாவில்
கேரட் கழுவும் இயந்திரம் விடிவதற்குள்
ஒரே ஒரு தடவை நிற்கும், டீசல் ஊற்ற.
அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்தாள் யோகமலர்,
ஈரச் சாக்கின்மேல்,
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்.
தூக்குகிற எடைக்குத்தான் கூலி,
உட்காருவதற்கு இல்லை.

எடை எழுதுகிற போஜன்
சீட்டைப் பின்பக்கம் திருப்பினான்.
காதில் செருகிய பென்சில், அரை விரல் நீளம்,
முனை மழுங்கியது.
மூன்று மூட்டை ஏற்றுகிற நேரம் இருக்குமா?
இயந்திரம் இருமியது. அவள் எழுந்துவிட்டாள்.
"கணக்கு முன்பக்கம் இருக்கு டிரைவரண்ணே,
மண்டியில குடுத்துடுங்க."
பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாரிக்குள் ஏறி, விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
கண் இல்லை. மூக்கு இல்லை.
வாய் இருக்கவேண்டிய இடத்தில் சீட்டின் மடிப்பு.
ஆனாலும் யோகமலர்.
வேறு யாராகவும் இருக்க வழியே இல்லை.

பிடரியில் தொடங்கிய கோடு
முதுகு வழியே இறங்கி
இடுப்பில் கொஞ்சம் தயங்கி
தாளை விட்டு எழும்பாமல் பூட்ஸ் வரைக்கும் போகிறது.
பர்லியாறு இறக்கத்தில்
பிரேக்கை நம்பாமல் கியரிலேயே வண்டியை விடுவோமே,
அந்த இறக்கம்.

இடது காலை இரண்டு தடவை போட்டிருக்கிறான்.
முதலில் நீட்டி, அப்புறம் மடக்கி.
இரண்டும் அப்படியே கிடக்கின்றன,
அழிக்க அங்கே ரப்பர் ஏது?
மூன்று கால்காரி என்று சிரிக்கத்தான் பார்த்தேன்.
பிறகு தெரிந்தது,
காலை நீட்டலாமா, எழுந்தே விடலாமா என்று
அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வலது தோளில் மட்டும்
பென்சில் நின்று அழுத்தியிருக்கிறது.
திருப்பினால் முன்பக்கத்தில்,
'ஏழாம் மூட்டை, நாற்பத்தெட்டு கிலோ'
என்ற வரிக்கு அடியில்
அந்தத் தோள் புடைத்து நிற்கிறது.
இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

மீதி எல்லாம் வெறும் தாள்.
எங்கள் பக்கம் மார்கழியில் அதற்குப் பெயர் பனி.
வரையவேண்டியதில்லை,
விட்டுவிட்டால் போதும்.
என் கட்டைவிரல் பட்டு ஓரம் கலங்கிப்போனது;
படம் கெடவில்லை,
குளிர்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

மேட்டுப்பாளையம் மண்டியில்
வேறு தாளில் கணக்கை எழுதிக் கொடுத்தேன்.
சீட்டு என் தலைக்கு மேலே,
வெயில் மறைப்பில் செருகியிருக்கிறது.

போஜன் விடவில்லை.
டிராயிங் நோட்டு வாங்கி
இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து
ஒழுங்காக வரைந்து எடுத்துவந்தான்.
கண்ணிமை உண்டு. தலைத்துண்டின் கட்டம் உண்டு.
கேரட்டுக்குத் தனித்தனியாக நிழல் உண்டு.
கால் இரண்டேதான்.
யோகமலர் கையை முந்தானையில் துடைத்து வாங்கி,
"நல்லாத்தான் இருக்கு, யாரு இது?
எங்க சின்னம்மா மக சாயல்ல இருக்கா" என்றாள்.

அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்
நான் சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவள் பேசவில்லை.
இடது கை தானாகப் போய்
வலது தோளைப் பிடித்துக்கொண்டது.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
தண்ணீர் செம்மண்ணாக வழிந்தது,
யாரோ மூட்டைக்குக் கூப்பிட்டார்கள்.
அவள் அசையாமல் அந்தப் புடைப்பைத் தடவினாள்,
தடவிக்கொண்டே சீட்டைத் திருப்பினாள்.

"நாப்பத்தெட்டா?" என்றாள்.
"அன்னிக்கு அந்த மூட்டை
அம்பத்தஞ்சுக்குக் குறையாது போஜண்ணே.
பின்னால சரியா போட்டிருக்கீங்களே,
முன்னால ஏன் இப்படி?"

போஜன்
காதில் இருந்த பென்சிலைக்
காதிலேயே தேடிக்கொண்டிருந்தான்.