முப்பத்திரண்டைக் கழி

பாசிர் பாஞ்சாங் துறைமுகம், அதிகாலை மூன்று.
ஐந்தடுக்குக் குளிர்பெட்டிகள்
முதுகைக் காட்டி உறுமுகின்றன.
வெளியே இருபத்தேழு.
ஹெல்மெட்டுக்குள் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

நான்காம் அடுக்கு, பதினோராம் பெட்டி. இறால்.
தாளில் ஒரு சுழியம் மட்டும்.
பக்கத்தில் எழுத்தில்லை.
செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா,
அச்சு இயந்திரத்துக்கு அந்த நேரம் பார்த்து மை தீர்ந்துவிட்டதா?
யாரோ ஒரு முடிவுக்கு வந்து
செல்சியஸ் சுழியத்தில் வைத்துவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
திரையில் மைனஸ் ஒன்பது.
நான் பார்க்கப் பார்க்க மைனஸ் எட்டு புள்ளி ஒன்பது.

ஒரு சுழியத்தில் ஐஸ் கசியத் தொடங்கும்.
இன்னொன்றில், மைனஸ் பதினேழு புள்ளி எட்டில்,
இறால் கூழாங்கல் மாதிரி கிடக்கும்.
இரண்டுக்கும் நடுவே இருபத்து நான்கு டன்,
மீசையோடு காத்திருக்கிறது.

"ஏஜெண்டைக் கேட்டிருக்கேன்,
பதில் வரட்டும், கை வைக்காதே,"
வாக்கி டாக்கியில் ஹஸ்லிண்டா,
அவளுடைய மலாயில்.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
ஹூஸ்டனிலிருந்து ஷாமளா.
அவளுக்கு இன்னும் நேற்று, மதியம் இரண்டு தாண்டியிருக்கும்.
'நிவினுக்கு நூற்றிரண்டு.'
அவ்வளவுதான்.
பிரிந்தபின் நாங்கள்
எண்களில் பேசிக்கொள்கிறோம்.

முப்பத்திரண்டைக் கழி: எழுபது.
ஐந்தால் பெருக்கு: முந்நூற்றைம்பது.
ஒன்பதால் வகு:
முப்பத்தெட்டு புள்ளி எட்டு எட்டு எட்டு
கையுறை முழுக்க எட்டுகள்,
கட்டைவிரல் வரை எழுதியும் முடியவில்லை.

ஈசூன் வீட்டில் அவனைக் குளிப்பாட்டும்போது
முழங்கையை முக்கிப் பார்ப்பேன்.
கை பொறுக்கும் சூடு.
அது எத்தனை டிகிரி என்று
அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
தண்ணீர் ஊற்றினோம்,
அவன் சிரித்தான்.

நான்கு பத்துக்கு இன்னொரு அதிர்வு.
'இரண்டு டிகிரி இறங்கிடுச்சு.'
கை தானாகவே கணக்குப் போட்டது.
இரண்டில் முப்பத்திரண்டு போனால் மைனஸ் முப்பது,
ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து,
மைனஸ் பதினாறு புள்ளி ஆறு.
ஒரு நொடி என் மகன்
இறாலோடு இறாலாய் உறைந்து கிடந்தான்.

பிறகு சிரிப்பு வந்தது, தனியாக, ஏணியின் மேல்.
இறங்கியதற்கு முப்பத்திரண்டு எதற்கு?
ஏணியைப் பள்ளத்தில் நட்டாலும் மேட்டில் நட்டாலும்
ஒரு படி ஒரு படிதான்.
ஒன்பதில் ஐந்து பங்கு, போதும்.
ஒன்று புள்ளி ஒன்று இறங்கியிருக்கிறது பிள்ளைக்கு.

ஷாமளாவும் நானும்
ஏசியில் தொடங்கி மாமியார் வரை
எதைப் பேசினாலும்
முதலில் அந்த முப்பத்திரண்டைக்
கழித்துக்கொண்டுதான் இருந்தோம்.

"எஃப்," என்றாள் ஹஸ்லிண்டா.
"எஃப் ஃபார் ஃபாரன்ஹீட்.
எழுதி அனுப்பியிருக்கான், மன்னிப்பு எல்லாம் கேட்டிருக்கான்."
பொத்தானை அழுத்தி மைனஸ் பதினெட்டுக்கு இறக்கினேன்.
பெட்டி இருமியது, நின்றது,
மறுபடி இருமி வேலையைத் தொடங்கியது.
விசிறியின் வெந்நீர் மூச்சு முகத்தில்.
உள்ளே குளிர வைப்பதற்கு
வெளியே இப்படித்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

'போர்வையை எடுத்துவிடு. தண்ணீர் கொடு,' என்று அனுப்பினேன்.
'குட் நைட்,' என்றாள்.
அவளுக்குப் பிற்பகல், எனக்கு விடியப் போகிறது.
நான் திருத்தவில்லை.

பன்னிரண்டாம் பெட்டி. கோழி.
எழுத்து இருக்கிறது.