மேல்பக்கம்

ஒலுமடுவிலிருந்து மாங்குளம் சந்திவரை
யூரியாப் பையில் சுற்றி
சைக்கிள் கரியரில் கட்டி வந்தாள் திருச்செல்வி.
ஆறு குடும்பத்துக் கச்சானுக்கு
இந்த ஒரு பெட்டிதான் காவல்.
மூன்று நாளாய் யானைவேலியில் துடிப்பில்லை.

மூடியைக் கழற்ற
முதலில் எறும்புகள் வெளியேறின,
வாயில் வெள்ளை முட்டையோடு.
பிறகு கொள்ளளவியின் இரு காலையும்
திருப்புளியால் தொட்டேன்.
படார்.
கதிரையோடு பின்னால் போனாள்.
‘செத்த பெட்டி எண்டெல்லோ கொண்டு வந்தனான்?’

பலகையின் கீழ்ப்பக்கம் ஒரு குறையுமில்லை.
வவுனியாவில் யாரோ வைத்த ஈயம்
கழுவிய உளுந்துபோல் மினுங்கியது.
நம்பினேன். ஒரு மணித்தியாலம் நம்பினேன்.
மீற்றர் நம்பவில்லை.

திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கு முட்டத் தேடினேன்.
தைரிஸ்டரின் வயிற்றடியில்
ஒரு செப்புக்கோடு துளைவரை வந்து
மயிரிழை முன்னே நின்றிருந்தது.
பழைய காலைச் சூடேறமுன் இழுத்தவன்
துளைக்குள்ளிருந்த செப்புத் தோலையும்
சேர்த்தே உரித்திருக்கிறான்.
அதன்பிறகு கீழே எவ்வளவு ஈயம் வைத்தென்ன,
மேலே சேதி போகாது.

இரண்டு பக்கம் என்றதும்
நீங்கள் வேறெதையோ நினைப்பீர்கள்.
இந்த ரோட்டில் எல்லோரும் நினைப்பார்கள்.
நான் பலகையை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்துக் கடையில் குளிர்ப்பெட்டி உறுமினால்
என் அயன் சோர்ந்துவிடும்.
அகன்ற செப்புத் தரையோ
சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.
பொறுமை கெட்டு அழுத்தினால்
வட்டமே கழன்று ஈயத்தோடு வந்துவிடும்.
அழுத்தவில்லை.
புதுத் தைரிஸ்டரைப் பலகையில் அமர்த்தாமல்
கொக்குப்போல் காலுயர்த்தி நிறுத்தி,
பழைய வயரில் ஒரு நரம்பு உருவி
துளைக்குள் விட்டு, இருபுறமும் மடித்து,
முதலில் மேலே.
புகை. நாலுவரை எண்ணினேன்.
பிறகு கீழே.

தொள்ளாயிரம் என்றேன்.
ஐந்நூறு தந்தாள்;
மிச்சம் கச்சான் பிடுங்கினாப் பிறகாம்.

இரவு ஏழரைக்குப் போன்.
பேசவில்லை அவள்,
பெட்டியோடு வைத்துப் பிடித்திருக்கிறாள்.
டிக்.
டிக்.
இடையில் யாரோ தகரம் தட்டினார்கள், ஒரு நாய்.
டிக்.
சோற்றுக் கோப்பைக்குள் கை வைத்தபடி எண்ணினேன்.
பன்னிரண்டில் அவள் குரல், மிகத் தாழ்வாய்:
‘வந்திட்டினம்.
கம்பிக்கு அங்கால நிக்கினம்.
தும்பிக்கைய நீட்டி மணந்து பாக்கினம்.
நான் வைக்கிறன்.’

வைக்கவில்லை.
டிக்.