வண்டியைப் பின்பக்கம் நிறுத்துங்கள்

இடோயா அர்ரியெத்தாவின் சாம்பல் நிறக் கார்
ஒரு ஒயின் ஆலை வாசலில் நின்றால் போதும்,
மதியத்துக்குள் ரியோஹா முழுக்கத் தெரிந்துவிடும்
அங்கே ஏதோ கெட்டுவிட்டதென்று.
அதனால் எல்லா முதலாளிகளும் தொலைபேசியில் சொல்வார்கள்:
வண்டியைப் பின்பக்கம் நிறுத்துங்கள், டாக்டர்.

முப்பத்தோரு வருடம். ஒரே ஒரு ஈஸ்ட்.
ஓக் பீப்பாயின் மரத்துளைக்குள் பதுங்கியிருந்து
திராட்சை ரசத்தைக் குதிரை லாயமாக்குவது.
அதை வைத்துத்தான் முனைவர் பட்டம்;
அதனால்தான் இருமுறை கைநழுவிய பேராசிரியர் பதவி.
(நல்ல நுண்ணுயிராகப் பார்த்து
எடுத்திருக்கலாமே என்றது தேர்வுக்குழு.)

நாற்றம் என்றால் மணமும்தான், பழைய தமிழில்.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
ஆனாலும் அதுதான் அவள் கட்சி:
"கொஞ்சமாக இருந்தால் கிராம்பு, புதுத் தோல்.
அளவு மீறினால்தான் லாயம்."

நூற்றுப்பதினான்காம் எண் ஈஸ்ட் கிடைத்த பீப்பாய்களை
எவாரிஸ்தோ எரித்துவிட்டார்.
அந்த ஆலை இப்போது டயர் கடை.
ஈஸ்ட் மட்டும் ஆய்வகத்தில், கழித்தல் எண்பது டிகிரியில்,
கட்டைவிரல் உயரக் குப்பிக்குள்.

பிப்ரவரியில் ஓர் இரவு மின்சாரம் போனது.
உறைபெட்டியின் அலாரம் கேட்டு
பைஜாமாவோடு ஓடி வந்தாள்,
இருக்கையில் உலர்பனி மூட்டை.
அன்றைக்குக் காரை
முன்வாசலிலேயே நிறுத்தினாள்,
குறுக்காக,
விளக்கைக்கூட அணைக்காமல்.