பழுப்புப் பொத்தான்

பதினோரு நாளாய் டபிள்யூ விழவில்லை.
மற்ற எழுத்தெல்லாம் வேலை செய்கிறது.
முன்னே போகிற பொத்தான் அதுதானாம்.
"ஃபர்ஸ்ட் கியர் விழாத வண்டிய
நீங்க எப்படி ஓட்டுவீங்க?"
இந்த வீட்டுக்கு நான் குடிவந்த இரண்டு வருடத்தில்
ஜோவிட்டா என்னிடம் கேட்ட
மிக நீளமான கேள்வி.

கேத்தி கேரட்டை
விடியுமுன் மேட்டுப்பாளையத்தில் இறக்குகிறவன் நான்.
மூன்றரைக்கு எழுந்தால்
பலகைச் சுவருக்கு அந்தப்புறம் விளக்கு எரியும்.
விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை,
தலையைவிடப் பெரிய ஹெட்செட்,
பினாங்கிலோ பெல்லாரியிலோ இருக்கும் எவனுக்கோ
அடக்கிய குரலில் கத்துவாள்:
"பின்னாடி! பின்னாடி இருக்கான்!"
முதல் தடவை நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்,
வாயில் பல் பிரஷ்ஷோடு.

பதினாறு முடியப்போகிறது அவளுக்கு.
ஊட்டி கமர்ஷியல் சாலையில் கேட்டேன்.
"மெக்கானிக்கலாண்ணா? என்ன ஸ்விட்ச்?"
மெக்கானிக் என்றால் எனக்கு
வெலிங்டன் பாபுதான்.
என் முகத்தைப் பார்த்த தௌபீக்
உள்ளங்கையளவு பலகை ஒன்றை நீட்டினான்.
ஒன்பது பொத்தான், எதிலும் எழுத்தில்லை.
"முந்நூறு வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க.
அமுக்கிப் பாத்துட்டு வாங்க."

ஆறு நாள் அது டாஷ்போர்டில் கிடந்தது,
மாதா படத்துக்கும் டீசல் சீட்டுகளுக்கும் நடுவில்.
பர்லியார் வளைவில் லாரி மறித்தால் அமுக்குவேன்.
நீலம்,
தகரக் கூரையில் ஆலங்கட்டி.
லீமா எலி ஓடினாலே எழுந்துகொள்கிறவள்,
ஆறு மணிக்கு ஃபேக்டரிச் சங்கு.
நீலம் ஆகாது.
சிவப்பில் சத்தமில்லை, தடையுமில்லை.
பிரேக் போன பெடல் மாதிரி
நேரே கீழே போய்விடுகிறது.
அந்த இறக்கத்தில் அதை அமுக்கியிருக்கக் கூடாது.
பழுப்பு,
பாதி வழியில் ஒரு சின்ன முட்டு.
கிளட்ச் பிடிக்கிற இடம்.
வண்டி 'சரி' என்கிற இடம்.

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களும் அமுக்கினார்கள்.
"இதுல பாட்டு வருமா?"
காளியப்பன் நீலத்தை விடவேயில்லை,
டீ ஆறிப்போனது.
மூவாயிரத்து நானூறு என்றதும்
பலகையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

உத்தரவாத அட்டைக்குப் பெயர் கேட்டான் தௌபீக்.
ஜோவிட்டா.
"இனிஷியல்?"
அவள் அப்பா ஸ்டீபன்.
நான் ஆரோக்கியம்.
ஏ-யும் எஸ்-ஸும்
பெட்டிமேல் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.
ஒன்று இடப்பக்கம் நகர,
ஒன்று பின்னே போக.
கடைக்கு வெளியே பனிக்குள்ளிருந்து
ஒரு ஸ்கூட்டர் வந்து, பனிக்குள்ளேயே போனது.
எஸ் போடு, என்றேன்.
பில் மட்டும் என் பெயரில்.

பிரித்தாள். நன்றி கின்றி ஒன்றும் இல்லை.
டபிள்யூவைப் பிடுங்கி அடியில் பார்த்தாள்.
"பிரவுனா? எல்லாரும் ரெட்தான் வாங்குவாங்க."
ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம், என்றேன்.
பதில் வரவில்லை.
கணினியில் மாட்டாமலே
பிடுங்கியதைத் திரும்பப் பொருத்தி
அதையே அமுக்கிக்கொண்டிருந்தாள்,
பாதி வரை, விட்டு,
பாதி வரை.

எட்டாம் நாள் விடியாத நேரம்.
கண்ணாடியில் பனியைத் துடைத்து,
ரிவர்ஸ் போட்டு, காலை எடுக்கப் போகிறேன்.
உள்ளேயிருந்து, பலகை தாண்டி,
"பின்னாடி! பின்னாடி!"
பழக்கதோஷம், திரும்பினேன்.
பின்விளக்கின் சிவப்பில்
லீமாவின் பீன்ஸ் கொடியை மென்றபடி
ஒரு காட்டெருமை.
பம்பருக்கும் அதற்கும் ஒரு முழம்.

எஞ்சினை அணைத்தேன்.
அதற்கு அவசரமில்லை.
சுவருக்கு அந்தப்புறம்
பொத்தான்கள் தாழ்ந்த குரலில் ஓடின,
முன்னே, இடம், முன்னே, முன்னே.
இன்றைக்கு கேரட்
கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கும்.