மருதந்திட்டு, பத்தொன்பது நாள்

சேரன்மகாதேவிக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிந்து
மறுபடி சேருமுன் விட்டுவைத்த மண் அது.
முப்பத்தோரு வீடு. வாழை. ஒரு மருதமரம்.
எழுபத்தேழு வெள்ளத்தில் வரைபடம் நனைந்த பிறகு
வடகரைப் பஞ்சாயத்து அதைத் தென்கரை என்றது,
தென்கரை, வடகரை என்றது.
ரெண்டு கணக்கையும் எழுதியவன் நான்தான்.

குடியரசு பிறந்தது பூலுடையார் செத்த அன்று.
பாடையோடு வடக்கே இறங்கினார்கள்:
"ஒங்க சுடுகாடு அந்தப் பக்கம்லா."
தெற்கே ஏறினார்கள்:
"பேரு எங்க லிஸ்டுல இல்ல."
பொழுது சாய்வதற்குள் பிணம் இரண்டு முறை குளித்துவிட்டது.
திரும்பி வந்து மருதத்தடியில் குழி வெட்டினார்கள்.
மண்வெட்டியைக் கழுவாமலே பலவேசம் சொன்னாராம்:
"இனி இது நம்ம நாடு. அவன் படுத்திருக்காம்லா."

கொடி, வெயிலுகந்தாளின் மஞ்சள் பாவாடை.
கஜானா, ஞானப்பூவின் கடுகு டப்பா.
படைக்கு இரண்டு நாய்; அதில் ஒன்று நொண்டி.
முத்திரைக்கு
வாழைத்தண்டைக் குறுக்கே அறுத்து
துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்தார்கள்.

எட்டாம் நாள் தீர்வை நோட்டீசோடு என்னை அனுப்பினார்கள்.
செருப்பைக் கையில் பிடித்தபடி கரையேறினேன்.
கயிறு கட்டி நிறுத்தினாள் வெயிலுகந்தாள்.
"எந்த நாட்டுக்காரரு நீரு?"
அவள் கல்யாணத்தில் மொய் எழுதியவன் நான்.
நோட்டீசின் முதுகில் ஒரு நீல வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
"பொழுதடையுற வரைக்கும் இருக்கலாம். சாப்பிட்டுட்டுப் போரும்."
அயிரைக் குழம்பு.
வரியைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்.

கொக்கிரகுளத்தில் கோப்பு மேஜை மாறிக்கொண்டிருந்தது.
போலீஸ் போகவில்லை.
பத்தொன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தது, அவ்வளவுதான்.
திட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு வெள்ளை மணல்.
காலையில் வடகரை, எங்களுடையது என்றது.
மத்தியானம் தென்கரையும்.
தீர்மானம், நகல், சாட்சிக் கையெழுத்து, லாரி.
ஒரே வாரத்தில் முப்பத்தோரு வீட்டுக்கும் ரேசன் அட்டை,
ரெண்டு ஊரிலிருந்தும்.
வாங்கும்போது பலவேசம் அழுதார் என்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை,
வண்டிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் கரை போயிற்று, பிறகு வாழை.
மருதம் ஒரு ஆனிக் காற்றில் சாய்ந்தது.
பூலுடையார் எந்த லோடில் போனாரோ.

நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.
நீலம் வெளுத்து, வட்டத்தில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.
பெருமாள்புரத்தில் நான் வீடு கட்டியது எண்பத்து மூன்றில்.
நல்ல மணல், கிளிஞ்சல் இல்லாத மணல் என்று
கொத்தனார் இரண்டு முறை சொன்னார்.
எங்கிருந்து வந்தது என்று
நான் கேட்கவில்லை.