நூற்றுப் பதினான்காம் பக்கம்

நசிப்ரோலாவின் நாவலில் எனக்குப் பெயரில்லை.
அண்ணன் என்று மட்டும்.
திபிலிசியில் அதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.
கறிக்கடைக்காரர் மனைவியிடம் இரவல் வாங்கி வந்து
அடுப்பு மேடையில், வெங்காயத்துக்குப் பக்கத்தில்
வைத்தாள் எத்தேரி.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததால் படித்தேன்.

முதல் நாற்பது பக்கத்தில் பொய்யில்லை.
கொடியில் காயும் படுக்கை விரிப்பை
மாங்கனீசுத் தூசி கறுப்பாக்குவது,
சுரங்கத்திலிருந்து வந்து அப்பா மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் மை மாதிரி ஒட்டிக்கொள்வது,
எல்லாம் அப்படியே.
ஆனால் எங்கள் முற்றத்தில் நின்றது முசுக்கட்டை மரம்.
அவள் அதைப் பிளம் மரம் ஆக்கிவிட்டாள்.
பூப்பதற்கு ஒன்று வேண்டியிருந்திருக்கும்.
முசுக்கட்டை பூத்தால் யாருக்குத் தெரியும்?
சட்டையைக் கறையாக்கும், அவ்வளவுதான்.

வீட்டை அண்ணன் எழுதி வாங்கிக்கொண்டதாக ஓர் அத்தியாயம்.
அது நடந்தது.
அப்பாவின் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகியவன் நான்தான்.
அவர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார்.
இதை அவள் எழுதவில்லை. அறையில் அவள் இல்லை.

பிறகு நூற்றுப் பதினான்கு.
"அப்பாவை அடக்கம் செய்த அன்று அண்ணன் வரவில்லை.
பள்ளத்தாக்கின் மறுகரையில், ஜன்னலோரம்,
தேநீர் குடித்துக்கொண்டு இருந்திருப்பான்."

செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி.
ஏழாம் எண் தொங்குபெட்டியில் ஏறினேன்.
கூடவே ஒரு பள்ளிக்கூடப் பையன்,
கூடையில் இரண்டு வாத்துகளோடு ஒருத்தி.
பாதி வழியில் மின்சாரம் போயிற்று.
அந்தக் கம்பிவடத்துக்கு மசகு போடுகிறவன் நான்.
மோட்டாரைப் பற்றி மூன்று முறை பதிவேட்டில் எழுதியிருந்தேன்.
மோட்டார் அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

பெட்டியின் தரையில் துருப்பிடித்த ஓட்டை,
உள்ளங்கை அகலம்.
மண்டியிட்டு அதன் வழியே பார்த்தேன்.
ஆறு. பாலம். பாலத்தின்மேல் கறுப்புப் புள்ளிகள்.
நடுவே மூடாத பெட்டியில் செவேரியான், என் அப்பா,
வானத்தைப் பார்த்தபடி.
அவர் ஒருவர்தான் அன்று என் பக்கம் முகம் வைத்திருந்தார்.
சாம்பல் நிறக் கோட்டில் நசிப்ரோலா
இரண்டு தரம் திரும்பிச் சாலையைப் பார்த்தாள்.
மேலே பார்க்கத் தோன்றாது யாருக்கும்.
கத்தினேன்.
வாத்துகள் பதில் சொல்லின.

மூன்று மணி நேரம்.
பையனுக்கு என் கோட்டைக் கொடுத்துவிட்டேன்.
இறங்கி ஓடியபோது மண் மூடியாகிவிட்டது.
யாரோ ஊற்றிய ஒயின்
மண்ணில் இன்னும் ஈரமாக இருந்தது.
அவள் குத்தாயிசி பேருந்தில் போய்விட்டாளாம்.

சொல்லியிருக்கலாம்.
ஒன்பது வருஷமாக அவளுடைய தொலைபேசி எண்
கடைசி இரண்டு இலக்கம்வரை என் விரலுக்குத் தெரியும்.
சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.
சாக்கு மாதிரி இருக்கிற உண்மையை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
பேனாவைச் செருகின கைக்கு
கம்பிவடம் அறுந்தாலும் நியாயம் கிடையாது
என்று அன்று தோன்றியது.
இன்றும் பாதி தோன்றுகிறது.

ஆனாலும் அந்த "இருந்திருப்பான்".
"இருந்தான்" என்று போட்டிருக்கலாம்,
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
அந்தச் சொல்லில் வெகுநேரம் நின்றேன்,
சாத்தாத கதவுக்கு முன்னால்
செருப்பைக் கழற்றலாமா என்று நிற்கிறவன் மாதிரி.
எத்தேரி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

நாவலில் அந்த அண்ணனுக்குக் குளிரவில்லை.
தேநீரில் செர்ரி ஜாம் கூடக் கலந்திருக்கிறான்.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கணக்குப் பென்சிலை எடுத்தேன்.
நூற்றுப் பதினான்கில் கை வைக்கவில்லை.
பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய்
பிளம் என்பதை அடித்து
ஓரத்தில் முசுக்கட்டை என்று எழுதினேன்.

இரவல் புத்தகத்தில் கிறுக்கியது யார் என்று
கறிக்கடைக்காரர் மனைவி
கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.